ட்ரைக்ளோர் மூச்சு

தொட்டிக்குச் சீல் வைத்த மூன்றாம் நாள் காலையில் தங்கராசுவுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது.

அவருடைய மனைவி ஃபோன் செய்தபோது நித்யகலா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, உங்கண்ணனுக்கு ஒடம்பு நெருப்பாட்டக் கொதிக்குது. ஒதடெல்லாம் நீலமாயிருச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ கொஞ்சம் வாயேன்."

தங்கராசு நித்யகலாவோடு பேசி இரண்டு மாதமாகியிருந்தது. கம்பெனி மேல் வழக்குப் போட்டது அவள். தொட்டியை மூட வைத்ததும் அவள். பதினான்கு வருடம் ஒரே தொட்டியருகே அவளோடு நின்று வேலை பார்த்த மனிதர், தீர்ப்பு வந்த அன்று கேட்டருகே அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"வர்றேனுங்க அக்கா" என்றாள். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு, ஓட்டுநர் இல்லாத ஆட்டோ ஒன்றைக் கூப்பிட்டு ஏறினாள். ஆட்டோவில் போகும்போதுதான் தன் உடம்பும் லேசாகக் கொதிப்பது அவளுக்குத் தெரிந்தது.

கோவைக்குத் தெற்கே, தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்தது அந்தக் கம்பெனி. இதய அறுவைக்கான வால்வுகளும் செயற்கைக்கோளுக்கான நுண்ணிய உதிரிபாகங்களும் அங்கே தயாராயின. கடைசல் எந்திரத்தில் இருந்து எண்ணெய் வழிய வரும் பாகங்களைக் கம்பிக்கூடையில் அடுக்கி, சூடான ட்ரைக்ளோர் தொட்டிக்குள் இறக்குவார்கள். ட்ரைக்ளோர் நிறமில்லாதது, தீப்பிடிக்காதது, கொஞ்சம் இனிப்பாக மணப்பது. அதன் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் வெளியே பறக்காமல் தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். அந்த ஆவிக்குள் போன உலோகம் ஒரு பொட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல், ஈரம்கூட இல்லாமல் வெளியே வரும். அதைப்போல் சுத்தம் செய்ய வேறொன்றும் இல்லை. அதைப்போல் ஈரலையும் நரம்பையும் கருவையும் கெடுக்கவும் வேறொன்று சட்டென்று கிடைக்காது. பெரும்பாலான நாடுகள் அதைத் தடை செய்திருந்த காலம். வேலை முழுவதும் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம், இங்கிருந்த தொழிலாளர்களுக்குக் 'காப்பு' இருந்ததுதான்.

காப்பு என்பது ஒரு மாத்திரை. அதற்குள் ஒரு கிருமி. ஆறு வருடத்துக்கு முன்னால் தொட்டிப் பிரிவில் இருந்த நாற்பத்தொரு பேருக்கும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். கிருமி நுரையீரலில் போய்க் குடியேறும். மூச்சோடு வரும் ட்ரைக்ளோரைப் பிய்த்து வெறும் உப்பாக்கிவிடும். எல்லோரும் அதைப் 'பூச்சி' என்றார்கள். தலைச்சுற்றல் நின்றது. சரக்கடித்தால் முகமெல்லாம் செக்கச்சிவந்து போகும் வழக்கமான தொல்லையும் நின்றது. கம்பெனி சந்தோஷமாக, ஆவியை வெளியே இழுக்கும் காற்றுப்போக்கிகளைக் கழற்றிவிட்டது.

கழற்றிய பிறகுதான், காப்புக் கொடுக்கப்படாத பேக்கிங் பெண்களுக்குப் பிரச்சினை தொடங்கியது. நித்யகலாவின் நாத்தனார் சத்யபாமா அங்கேதான் வேலை பார்த்தாள். அவளுக்கு மூன்றாவது முறையாகக் கரு கலைந்தபோது நித்யகலா வக்கீலைப் போய்ப் பார்த்தாள்.

*

தொழிற்பேட்டை மருந்தகத்தில் ஏற்கெனவே நான்கு பேர் படுத்திருந்தார்கள். நான்கு பேருமே தொட்டிப் பிரிவு. தங்கராசுவை ஐந்தாவது கட்டிலில் கிடத்தி ஆக்சிஜன் வைத்தார் டாக்டர் ஃபர்ஹானா. நாற்பது வயதுக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"எல்லாருக்கும் நிமோனியா மாதிரியே இருக்கு. ஆனா சளியில வெளிக் கிருமி எதுவும் இல்ல" என்றார் நித்யகலாவிடம். "நீங்கள்லாம் சேர்ந்து எங்கயாவது போனீங்களா? ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க மேடம். கம்பெனி மூடுனதுல இருந்து அவங்கவங்க வீட்லதான் இருக்கோம்."

டாக்டரின் ஃபோன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஃபோனை மேசைமேல் குப்புற வைத்தார்.

"மோகனசுந்தரம்னு ஒருத்தரை உனக்குத் தெரியுமா?"

"எங்க பிரிவுதானுங்க. சின்ன வயசு. போன ஆவணியிலதான் கல்யாணமாச்சு."

"நேத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. நிமோனியான்னு நெனச்சு நல்ல ஸ்ட்ராங்கா ஆன்டிபயாடிக் போட்டிருக்காங்க. போட்ட ரெண்டு மணி நேரத்துல போயிட்டாரு."

ஐந்தாவது கட்டிலில் தங்கராசு அரைக்கண் திறந்து பார்த்தார். அவர் கையில் ஏற்ற நர்ஸ் வைத்திருந்த மருந்துப் பாட்டிலை டாக்டர் எட்டிப் பறித்தார்.

"யாருக்கும் இதைப் போடாதீங்க. யாருக்குமே."

பிறகு நித்யகலாவின் பக்கம் திரும்பினார். "அந்தக் காப்பைச் செஞ்சவர் யாரு? அவர் எனக்கு உடனே வேணும்."

*

அவர் பெயர் வித்யாசாகர். காப்பு வந்த மறுவருடமே கம்பெனியை விட்டு விலகி, பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வழக்கில் சாட்சி சொல்ல நித்யகலா இரண்டு முறை கூப்பிட்டும் வராதவர், இந்த முறை "மூச்சு" என்ற வார்த்தையைக் கேட்டதும் "கிளம்பிட்டேன்" என்றார். பதினொரு மணிக்கு மருந்தகத்துக்குள் நுழையும்போது அவருக்கு வியர்த்திருந்தது.

"நாம ஆக்சிஜனை வெச்சு மூச்சு விடறோம்" என்றார். "இந்தக் கிருமிக்கு மூச்சே ட்ரைக்ளோர்தான். வேற எதுலயும் வாழாது. அதனாலதான் பாதுகாப்புன்னு சொன்னோம். கம்பெனிக்கு வெளிய யாருக்கும் தொத்தாது."

"ட்ரைக்ளோர் கெடைக்கலைன்னா?" டாக்டர் கேட்டார்.

"ரெண்டு, மூணு நாள் தாங்கும். அப்புறம் கூட்டமா சாகும். செத்து ஒடையறப்ப அதுக்குள்ள இருக்கற நஞ்சு மொத்தமா நுரையீரல்ல கொட்டும். மருந்து போட்டுக் கொன்னா இன்னும் வேகமாக் கொட்டும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்றாள் நித்யகலா.

அவர் தரையைப் பார்த்தார். "எலிகள்ல பார்த்தோம். நான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'நம்ம ஆளுங்க யாரு சார் மூணு நாளைக்கு மேல லீவு எடுக்கறாங்க'ன்னு சிரிச்சாங்க. அதுக்கு மேல நான் பேசலை."

நித்யகலாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. தொட்டிப் பிரிவு அன்னக்கொடிக்குப் பிரசவ விடுப்பில் வந்த காய்ச்சல், சம்பளம் வாங்கத் தொட்டியருகே வந்த அன்றே இறங்கியது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் இருமிக்கொண்டே திரும்பி வந்து, தொட்டியருகே நின்ற அரை மணியில் சரியாகிப்போனது. 'நமக்குக் கம்பெனிக் காத்துதான் ஒத்துக்குது' என்று எல்லோரும் கேலி பேசியது.

"குணப்படுத்த வழியே இல்லையா?" என்றார் டாக்டர்.

"இருக்கு. ட்ரைக்ளோரைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். பத்து நாளைக்கு ஒரு துளி கம்மியா. கிருமியும் கொஞ்சம் கொஞ்சமாச் சாகும், உடம்பு தாங்கிக்கும். ஆறேழு மாசம் ஆகும். எலிகளுக்கு அது சரியா வந்துச்சு."

"மனுஷங்களுக்கு?"

வித்யாசாகர் சட்டைப் பையிலிருந்து விரல் உயரப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "முதல் மாத்திரையை நான்தான் சாப்பிட்டேன், மேடம். ஆறு வருஷமா இதுதான் என் மூச்சு. குறைச்சுப் பார்க்கத் தைரியம் வரலை."

டாக்டர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, தங்கராசுவின் மூக்கருகே பிடித்தார். இருபது நிமிடத்தில் அவருடைய உதட்டில் நீலம் குறைந்தது.

"இது எத்தன பேருக்கு வரும்?"

"நாற்பது பேருக்குன்னா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்."

கடையில் வாங்க வழியில்லை. தீர்ப்போடு மாவட்டம் முழுக்க விற்பனைக்கும் தடை வந்திருந்தது. வெளிமாநிலத்திலிருந்து அனுமதி வாங்கிக் கொண்டுவர எட்டு நாளாகும். எண்ணூறு லிட்டர் ட்ரைக்ளோர் அரை கிலோமீட்டர் தள்ளி, சீல் வைத்த தொட்டியில் இருந்தது.

*

கம்பெனி கேட்டில் டேங்கர் லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தொட்டியைக் காலி செய்து எரிக்கக் கொண்டுபோக வேண்டும் என்பது உத்தரவு. சீலுக்குக் காவலாக இருந்த அதிகாரி நித்யகலா சொன்னதை முழுவதும் கேட்டார். இளைஞர். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"ஒரு சொட்டுகூட மனுஷ உடம்புல படக்கூடாதுன்னு நீங்கதானேம்மா கேட்டு வாங்குனீங்க? இதை நான் தொறந்தா நாளைக்கு ஜெயிலுக்குப் போவேன். கோர்ட்டு சொல்லட்டும், இப்பவே தொறக்கறேன்."

கோர்ட்டுக்குத் திங்கட்கிழமை வரை விடுமுறை. அன்று புதன்.

மேனேஜர் சென்னியப்பன் உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"கேள்விப்பட்டேன். மனசுக்கு நெம்பக் கஷ்டமா இருக்குது" என்றார். "இதபாரும்மா, ரெண்டு தரப்பும் ஒத்துப்போயிட்டா லீவு நாள்லயும் ஆன்லைன்லயே உத்தரவு மாறிரும். நீ ஒரு கையெழுத்துப் போட்டா நாலு மணிக்குத் தொட்டி தொறந்துரும். உங்க ஆளுங்க எல்லாரும் பொழச்சுக்குவாங்க. வேலையும் திரும்பக் கெடைக்கும்."

"எதுல கையெழுத்துங்க?"

காகிதம் தயாராக இருந்தது. வழக்கில் சொன்ன புகார்களையெல்லாம் அவள் வாபஸ் வாங்குவதாக மூன்று பக்கம். அதைப் பார்த்தபோதே அவளுக்குப் புரிந்தது. அவர்கள் இதைக் காலையில் தயாரிக்கவில்லை. மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்று தெரிந்தே காத்திருந்திருக்கிறார்கள்.

"இதுல போட்டா, பேக்கிங்ல இருக்கற புள்ளைங்க?"

"அவங்களுக்கும் காப்புக் குடுத்தரலாமே."

அந்தப் பதில் அவளை உலுக்கியது. ஃபோனில் டாக்டரின் செய்தி வந்து விழுந்தது. அன்னக்கொடி வீட்டிலேயே இறந்துகிடந்தாள், கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள் என்று. நித்யகலா பேனாவை எடுத்தாள். நெஞ்சுக்குள் கம்பளி அடைத்ததுபோல் இருந்தது. முப்பத்தெட்டு பேர் மூச்சுவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. பிறகு என்று ஒன்று வராது என்றும் அதே மனத்துக்குத் தெரிந்திருந்தது.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே இருந்த வரியில் கண் நின்றது. 'ஆலைக்குப் பின்புறமுள்ள தோட்டத்துக் கிணற்றில் ட்ரைக்ளோர் கலந்துள்ளது என நான் கூறியது உண்மையல்ல.'

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"எங்கம்மா போறே?" என்றார் சென்னியப்பன்.

"கெணத்துக்குங்க."

*

தோட்டக்காரர் பெயர் ரங்கப்பன். கிணறு கெட்டுப்போனதில் தென்னை முழுவதையும் இழந்தவர். வழக்கில் நித்யகலாவோடு நின்ற ஒரே ஆள். அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும், "அந்தச் சனியன் என்ற கெணத்துல கெடந்து எனக்கென்ன பிரயோசனம்? அள்ளிட்டுப் போங்க" என்று மோட்டார் அறையைத் திறந்தார்.

ட்ரைக்ளோர் தண்ணீரைவிடக் கனம். மண்ணுக்குள் கசிந்து இறங்கியது தண்ணீரோடு கலந்து ஓடாமல், தொண்ணூறடி ஆழத்தில் பாறைக் குழியில் தேங்கியிருந்தது. வழக்குக்காக ஆய்வுக்கூடத்து ஆட்கள் மாதிரி எடுத்தபோது நித்யகலா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அதேபோல் இப்போதும் குழாயின் நுனியில் இரும்புக் குண்டு கட்டி அடிவரை இறக்கினார்கள். காய்ச்சலோடு வந்திருந்த தொட்டிப் பிரிவு ஆட்கள் நான்கு பேர் மாற்றி மாற்றிக் கைப்பம்பை அடித்தார்கள். முதலில் கலங்கல் தண்ணீர் வந்தது. பிறகும் தண்ணீரே வந்தது. ஒருவன் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வந்து பம்பைப் பிடித்தான்.

திடீரென்று அந்த இனிப்பு வாசனை வந்தது.

வித்யாசாகர் கண்ணாடி ஜாடியில் பிடித்து அசையாமல் வைத்தார். மேலே தண்ணீர் தெளிந்தது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு, தண்ணீரைவிடத் தெளிவாக, வேறொன்று தங்கியது. அதைப் பார்த்துச் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நித்யகலாவுக்கு அழுகையும் அருவருப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்கு டேங்கர் தொட்டியைக் காலி செய்துகொண்டு போனது. யாரும் தடுக்கவில்லை.

*

அடுத்த ஏழு மாதம், தினமும் காலை ஆறு மணிக்கு ரங்கப்பனின் மோட்டார் அறை முன்னால் வரிசை நின்றது. நாற்பத்தொரு பேரில் மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேரும், நாற்பதாவதாக வித்யாசாகரும். டாக்டர் ஃபர்ஹானா ஒரு பழைய மேசை போட்டு உட்கார்ந்து, பஞ்சில் சொட்டு எண்ணி விட்டு, பெயருக்கு நேரே குறித்துக்கொள்வார். இருபது சொட்டில் தொடங்கியது பத்தொன்பதானது, பதினெட்டானது. ஐந்துக்குக் கீழே வந்தபோது எல்லோருக்கும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. பொறுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் வரிசையில் தங்கராசு அவளுக்குப் பின்னால் நின்றார்.

"நெஞ்சுல இப்பிடி ஒரு கயித்தைக் கட்டி வெச்சவனுங்களை, வேலை குடுத்த சாமின்னு கும்பிட்டேன் பாரு" என்றார். "உன்னைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன், அம்மிணி."

"நீங்க மொதல்ல மூச்சை இழுங்கண்ணா" என்றாள் அவள்.

மாசி முடியும்போது பட்டியலில் எல்லோருக்கும் பூஜ்யம் விழுந்துவிட்டது. கடைசிச் சொட்டை விட்ட அன்று வித்யாசாகர் மோட்டார் அறைக்குப் பின்னால் போய்த் தனியாக அழுதார். கிணற்றிலும் குழாய் வெறும் தண்ணீரையே இழுத்தது. பாதியை அவர்கள் இறைத்திருந்தார்கள். மிச்சத்தை, அவர்கள் இருமித் துப்பியதிலிருந்து கிணற்றுக்குள் போன கிருமிகளே தின்று தீர்த்துவிட்டுச் செத்திருந்தன.

கம்பெனி அதற்காகவே காத்திருந்ததுபோல் மேல்முறையீடு செய்தது.

விசாரணையில் கம்பெனி வக்கீல் நிதானமாகப் பேசினார். கிணற்று நீரை நேற்றுச் சோதித்தோம், சுத்தமாக இருக்கிறது. தொழிலாளர்களின் நுரையீரலைச் சோதிக்கட்டும், எந்தக் கிருமியும் இருக்காது. காப்பு என்ற மாத்திரையைக் கம்பெனி யாருக்கும் கொடுத்ததாகப் பதிவே இல்லை. வித்யாசாகர் என்பவர் கோபத்தில் வேலையை விட்டவர். இறந்த இருவருக்கும் நிமோனியா. பழைய ஆய்வறிக்கையில் தவறு நேர்ந்திருக்கலாம். தொட்டியைத் திறக்க அனுமதிக்க வேண்டும்.

நீதிபதி வயதான பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நித்யகலாவைப் பார்த்தார். "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்கம்மா? உங்க கையில இப்ப ஆதாரம்னு ஏதாவது இருக்கா?"

டாக்டர் ஃபர்ஹானா தலையைக் குனிந்துகொண்டார். உயிரைக் காப்பாற்ற அவர்தான் ஆதாரத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணித் தீர்த்திருந்தார்.

நித்யகலா எழுந்தாள். "ஒண்ணு இருக்குங்கம்மா" என்றாள். "நான் இருக்கேன். நான் மட்டும் விடலைங்க."

வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"வரிசையில நின்னு கொறைச்ச மாதிரி காட்டிட்டு, வீட்ல போய் மிச்சத்தை எடுத்துக்குவேன். கடைசியா இறைச்சதுல ஒரு ஜாடி ஒளிச்சு வெச்சிருந்தேனுங்க. கெணறு காலியாகற மாதிரி தெரிஞ்சுது. எல்லாரும் சுத்தமாயிட்டா, நடந்தது நடக்கலைன்னு ஆயிருமேன்னு பயமா இருந்துச்சு. என்ற நெஞ்சுல பூச்சி உசுரோடதான் இருக்குது. எடுத்துப் பாருங்க. செயற்கையா செஞ்ச கிருமியில செஞ்சவன் முத்திரை இருக்கணும்னு சட்டமாமே, வித்யாசாகர் சார் சொன்னாரு. யார் முத்திரைன்னு பாருங்க."

*

மாதிரி எடுத்து முடித்த பிறகு, வராந்தாவில் டாக்டர் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"அந்த ஜாடியில இன்னும் எத்தன சொட்டு இருக்கு?"

"முந்நூறு இருக்கும்ங்க."

"மத்தவங்களுக்கு ஆளுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல ஆச்சு. இது பத்தாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்ங்க. பத்தற அளவு எடுத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சு போயிருக்கும். நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

டாக்டர் அன்று மாலையே மருந்தகத்தில் ஒரு கட்டிலை ஒதுக்கினார். ஏழு மாதத்தில் செய்ததை ஏழு வாரத்தில் செய்ய வேண்டியிருந்தது. நான்காவது வாரம் நித்யகலாவின் இடது நுரையீரலில் கீழ்ப்பகுதி செயலிழந்தது. மூன்று நாள் அவளுக்கு நினைவில்லை. சத்யபாமா கட்டிலை விட்டு நகரவில்லை.

முத்திரை கம்பெனியுடையதுதான் என்று ஆய்வு சொன்னது. தீர்ப்பு வந்த அன்று அவளுக்குக் காய்ச்சல் இறங்கி நான்கு நாளாகியிருந்தது. பேசத்தான் முடியவில்லை. தங்கராசு ஃபோனில் வந்த தீர்ப்பைக் கட்டிலருகே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். மேல்முறையீடு தள்ளுபடி. காப்பு இனி எந்த மனித உடம்பிலும் செலுத்தப்படக் கூடாது. இறந்த இருவருக்காகவும் கம்பெனி நிர்வாகிகள் மேல் குற்ற வழக்கு.

டாக்டர் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று அவளுக்கு அளந்திருந்தது இரண்டு சொட்டு.

நித்யகலா ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து தலையை அசைத்து, ஒன்று போதும் என்று விரலைக் காட்டினாள்.